பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவில் சேரும் இடத்தில் அன்னாபொலிஸ் என்ற பழைய ஊர் இருக்கிறது. 1845-இல் அங்கே தொடங்கிய கடற்படை அகாதெமியில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பட்டமளிப்பு நடக்கும். அந்தக் காட்சியைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சீருடையில் ஆயிரத்துக்கு நெருக்கமான இளைஞர்கள் ஒரே நொடியில் தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி வீசுவார்கள். கீழே விழும் தொப்பிகளைப் பொறுக்கக் குழந்தைகள் ஓடுவார்கள்.

1912-க்கு முன்பு யாரும் தொப்பியை வீசியதில்லை. படிப்பு முடிந்தாலும் இரண்டு ஆண்டு கப்பலில் வேலை பார்த்த பிறகுதான் அதிகாரி என்ற பதவி கிடைக்கும். அதுவரை பழைய மாணவத் தொப்பி தலையில் இருந்தாக வேண்டும். 1912 பேட்ச்சுக்குப் பட்டம் வாங்கிய அன்றே பதவியும் கிடைத்தது. பழைய தொப்பிக்கு இனி வேலை இல்லை என்றதும் சந்தோஷத்தில் தூக்கி எறிந்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்று நான் பேச வந்தது தொப்பியைப் பற்றியல்ல, அதே நாட்களில் அந்த இளைஞர்கள் கையில் வாங்கிக்கொள்ளும் ஒரு கனமான புத்தகத்தைப் பற்றி. 'லக்கி பேக்' என்று அதற்குப் பெயர். கப்பலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியை மாலுமிகள் அப்படித்தான் சொல்வார்கள். 1894-இல் தொடங்கி, பட்டம் பெறும் ஒவ்வொரு பேட்ச்சும் தனக்கென ஒரு தொகுதி போட்டுவருகிறது. பழைய தொகுதிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், சொந்த ஊர், பட்டப்பெயர், அதன்கீழ் சில வரிகள். அந்த வரிகளை ஆசிரியர்கள் எழுதுவதில்லை. கூடப் படித்தவர்களே எழுதுகிறார்கள், பெரும்பாலும் நான்கு வருடம் ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள்.

இதன் அருமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் ஒருவனுக்குக் கணக்கு வருமா என்று சொல்லும். மேலதிகாரியின் அறிக்கை அவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிவானா என்று சொல்லும். விடிகாலையில் மணி அடிக்கும்போது அவன் எப்படி எழுகிறான், பரீட்சையில் தோற்ற இரவில் என்ன செய்தான், ஊரிலிருந்து கடிதம் வராத வாரத்தில் யாரிடம் எரிந்து விழுந்தான், கடைசி பிஸ்கட்டை யாருக்குக் கொடுத்தான் என்பதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

அன்னாபொலிஸில் மாணவர்கள் எல்லோரும் பான்கிராஃப்ட் ஹால் என்ற ஒரே கட்டடத்தில் தங்குகிறார்கள். இன்று அதில் நாலாயிரம் பேருக்கு மேல். முதலாண்டுக்காரன் நடைகூடத்தின் நடுவில்தான் போக வேண்டும், அதுவும் ஓட்டமாக. மூலை வந்தால் சதுரமாகத் திரும்ப வேண்டும். பெரியவர்கள் எப்போது நிறுத்திக் கேட்டாலும் பாடம் ஒப்பிக்க வேண்டும். அந்த ஆண்டின் முடிவில் ஒரு சடங்கு உண்டு. ஹெர்ண்டன் நினைவுத் தூண் 21 அடி உயரச் சாம்பல்நிறக் கருங்கல். அதன்மேல் கொழுப்பைப் பூசி, உச்சியில் முதலாண்டுக்காரர்களின் தொப்பியை வைத்துவிடுவார்கள். ஆயிரம் பேர் முட்டி மோதி, ஒருவன் தோளில் ஒருவன் ஏறி, அந்தத் தொப்பியை எடுத்துவிட்டு மேல்வகுப்புத் தொப்பியை அங்கே வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகியிருக்கிறது. உச்சியைத் தொடுபவன்தான் அந்த பேட்ச்சில் முதலில் அட்மிரல் ஆவான் என்று அங்கே ஒரு நம்பிக்கை. என் மனம் போவது கீழ் அடுக்கில் கைகோத்து நிற்பவர்களிடம்தான். வழுக்கும் கல்லில் முகத்தைப் பதித்தபடி, யார் யாருடைய கால்களோ தோளை அழுத்த, மேலே என்ன நடக்கிறது என்றே பார்க்க முடியாமல் அவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் இல்லாமல் உச்சியில் ஒருவனும் இல்லை.

இனி அங்கே படித்த நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறேன். வில்லியம் ஹால்சி 1904 பேட்ச். செஸ்டர் நிமிட்ஸ் 1905. ஃபிராங்க் ஜாக் ஃப்ளெட்சர் 1906. ரேமண்ட் ஸ்ப்ரூயன்ஸ் 1907. அடுத்தடுத்த நான்கு வகுப்புகள். 1903-இன் கோடையில் ஸ்ப்ரூயன்ஸ் உள்ளே வந்தார்; 1904 பிப்ரவரியில் ஹால்சி வெளியே போனார். இடைப்பட்ட சில மாதங்கள் நால்வரும் ஒரே வளாகத்தில் இருந்திருக்கிறார்கள். தியோடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் கடற்படை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது, அதிகாரிகள் போதவில்லை. அதனால் அந்த வகுப்புகளைக் கெடுவுக்கு முன்பே பட்டம் கொடுத்து அனுப்பினார்கள்.

ஹால்சியின் அப்பாவும் கடற்படைக்காரர். மகனுக்கு அகாதெமியில் இடம் கிடைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. மருத்துவராகியாவது கப்பலேறலாம் என்று ஒரு வருடம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துப் பார்த்த பையன். படிப்பில் சுமார், கால்பந்து அணியில் உயிரைக் கொடுத்து ஆடுவார். வகுப்புத் தோழர்கள் அவரைக் கடல்தெய்வம் நெப்டியூனின் சிலைக்கு ஒப்பிட்டும், எல்லோருக்கும் நண்பன் என்றும் எழுதிவைத்தார்கள்.

நிமிட்ஸ் டெக்சாஸ்காரர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தரைப்படைக் கல்லூரியில் சேரத்தான் ஆசைப்பட்டார். அங்கே இடமில்லை என்றதால் கடற்படைக்கு வந்தார். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காமல் வந்தவர், பேட்ச்சில் ஏழாவதாகத் தேறினார். கடைசி ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பிற்காலத்திலும் சொல்வதுண்டு. புதுக் கட்டடத்தின் மொட்டைமாடியில் நண்பர்கள் ரகசியமாகப் பீர் குடிப்பது வழக்கம். வாங்கிவரும் முறை நிமிட்ஸுக்கு வந்தது. ஊருக்குள் ஒரு தையல்காரர் கடையில் பெட்டியில் பாட்டில்களை அடுக்கி வாங்கும்போது, சாதாரண உடையில் ஒரு மனிதர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை வகுப்பறைக்குள் அதே மனிதர் புதிய ஆசிரியராக, சீருடையில் நுழைந்தார். நிமிட்ஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த ஆசிரியர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. முதல் தவறு செய்பவனிடம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன் என்று நிமிட்ஸ் சொன்னார்.

1908-இல் பிலிப்பைன்ஸில் 'டெகேட்டர்' என்ற நாசகாரிக் கப்பலைத் தரைதட்ட வைத்து, ராணுவ விசாரணைக்கு உள்ளாகி, கண்டனம் வாங்கி, அதற்குப் பிறகும் அவரால் மேலே வர முடிந்தது. மன்னிக்கப்பட்ட அனுபவம் அவரிடம் இரண்டு முறை சேர்ந்திருந்தது. அதை அவர் மறக்கவில்லை.

ஸ்ப்ரூயன்ஸ் கூச்ச சுபாவி. கடமை என்று வந்தாலொழிய எதற்கும் யாருக்கும் தீங்கு நினைக்காத அப்பாவி முகம் என்ற பொருளில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இருபது வயதுப் பையன்கள் சக பையனை ஆதரவாகக் கேலி செய்து எழுதியது அது. 'கடமை என்று வந்தாலொழிய' என்ற அந்தச் சிறு விலக்கை அவர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதுதான் என்னை நெடுநாளாக வியக்கவைக்கிறது.

பட்டம் பெற்றதும் இவர்கள் உலகமெங்கும் சிதறிப்போனார்கள். ஹால்சியும் ஸ்ப்ரூயன்ஸும் முதல் உலகப்போருக்குப் பிறகு நாசகாரிக் கப்பல்களில் ஒன்றுசேர்ந்தார்கள். ஹால்சி அணியின் தலைவர், ஸ்ப்ரூயன்ஸ் அவருக்குக் கீழே ஒரு கப்பலின் தலைவர். ஒருவர் சத்தம், ஒருவர் மௌனம். விருந்தென்றால் ஹால்சி விளக்கணையும்வரை இருப்பார். ஸ்ப்ரூயன்ஸ் சீக்கிரம் படுத்துவிடுவார், மைல்கணக்கில் நடப்பார், அதிகம் பேசமாட்டார். இந்த இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள், குடும்பங்களும் நெருங்கின. ஒத்த குணமுள்ளவர்கள்தான் நண்பர்களாவார்கள் என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறோம். கப்பலில் அப்படி இல்லை. தன்னிடம் இல்லாத எது அடுத்தவனிடம் இருக்கிறது என்று தெரிந்தவனே அங்கே நண்பனாகிறான்.

1942 மே 26, இரண்டாம் உலகப்போர்க் காலம். ஹால்சியின் விமானந்தாங்கிகள் பேர்ல் ஹார்பருக்குத் திரும்பின. மிட்வே தீவைத் தாக்க ஜப்பானியக் கப்பற்படை புறப்படுகிறது என்பது நிமிட்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவரே இப்போது பசிபிக் கப்பற்படையின் தலைவர். எதிரே வந்து நின்ற ஹால்சி பாதி ஆளாக இளைத்திருந்தார். உடம்பெல்லாம் தோல்நோய், அரிப்பில் தூக்கமில்லை. மருத்துவமனைக்குப் போகச் சொன்னார் நிமிட்ஸ். வாழ்நாளெல்லாம் எந்தப் போருக்காகக் காத்திருந்தாரோ அந்தப் போர் ஹால்சியின் கையை விட்டுப் போயிற்று. உங்கள் இடத்தில் யார் என்று கேட்டதற்கு அவர் தயங்காமல் சொன்ன பெயர் ஸ்ப்ரூயன்ஸ்.

ஸ்ப்ரூயன்ஸுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. விமானந்தாங்கியை நடத்தியதும் இல்லை. குரூசர் கப்பல்களின் தலைவர். ஹால்சியோ ஐம்பது வயதுக்கு மேல் போய் விமானியாகத் தேறியவர். விமானம் தெரிந்தவர்களின் பெயர்களை அடுக்கியிருக்கலாம். அவர் ஒரு மனிதனின் குணத்தைப் பார்த்துச் சொன்னார். நிமிட்ஸ் ஏற்றுக்கொண்டார்.

ஜூன் 4 அன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு என்ற நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகளும் அமெரிக்க விமானங்களிடம் அழிந்தன. நான் சொல்ல விரும்புவது அன்று நடந்த இரண்டு சிறிய செய்திகள். அந்தக் களத்தில் மூத்தவர் ஸ்ப்ரூயன்ஸ் அல்லர், ஃப்ளெட்சர். அவருடைய கப்பலான யார்க்டவுன் தாக்கப்பட்டு, அவர் ஒரு குரூசருக்கு மாற நேர்ந்தது. எனக்கு ஏதாவது உத்தரவு உண்டா என்று ஸ்ப்ரூயன்ஸ் கேட்டனுப்பினார். உங்கள் போக்குக்கு ஏற்ப நான் நடந்துகொள்கிறேன் என்று ஃப்ளெட்சர் பதில் அனுப்பினார். வெற்றியின் நடுவில், தன்னைவிட இளையவனிடம் கட்டுப்பாட்டை ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிட்டார். வரலாறு ஃப்ளெட்சருக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, இரவு. எதிரியைத் துரத்த வேண்டும் என்ற சபலம் எல்லோருக்கும் இருந்தது. ஸ்ப்ரூயன்ஸ் கப்பல்களைக் கிழக்கே திருப்பிக்கொண்டு விலகினார். இரவுப் போரில் கைதேர்ந்த ஜப்பானியப் போர்க்கப்பல்கள், ஜப்பானியக் கப்பற்படைத் தலைவர் யமமோட்டோவின் யமாட்டோ உட்பட, அந்த இருட்டில் எதிரே வந்துகொண்டிருந்தன. துரத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால்தான் எல்லோருக்கும் புரிந்தது. ஹால்சியாக இருந்தால் துரத்தியிருப்பாரோ? 1944 அக்டோபரில் லெய்ட்டே வளைகுடாவில் தூண்டில் கப்பல்களின் பின்னே அவர் வடக்கே ஓடியதை வைத்துப் பலர் அப்படிச் சொல்கிறார்கள். அதே ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸ் கடலில் ஸ்ப்ரூயன்ஸ் துரத்தாமல் விட்டுவிட்டார் என்று திட்டியவர்களும் உண்டு. ஒருவர் நிதானத்துக்கு வசை வாங்கினார், மற்றவர் வேகத்துக்கு. நிமிட்ஸ் இருவரையும் கைவிடவில்லை. அதே கப்பல்களை மாறிமாறி இருவரிடமும் கொடுத்தார். எவரிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று அறிந்துதான் கொடுத்தார்.

ஹால்சியின் பேட்ச்சில் இன்னொருவர் இருந்தார், ஹஸ்பண்ட் கிம்மல். 1909-இல் ஹால்சியின் திருமணத்தில் தோழராக நின்றவர்களில் ஒருவர். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது பசிபிக் கப்பற்படையின் தலைவர் அவர்தான். பத்தே நாளில் பதவி பறிபோனது. நாடே அவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. விசாரணைக் குழுவின் முன் ஹால்சி போய் நின்றார். நீங்கள் மட்டும் எப்படிப் போருக்குத் தயாராக இருந்தீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். அதற்குக் காரணமே கிம்மல்தான் என்றார். வீழ்ந்தவனோடு சேர்த்துப் பேசப்பட்டால் தன் பதவி உயர்வும் போகலாம் என்ற கணக்கை அவர் போடவில்லை. சாகும்வரை கிம்மலை விட்டுக்கொடுக்கவே இல்லை.

எதிரணியிலும் இதே கதை. ஹிரோஷிமாவுக்கு எதிரே எட்டாஜிமா தீவில் ஜப்பானின் கடற்படைக் கல்லூரி இருந்தது. 1904-இல் அங்கே பட்டம் பெற்ற 32-ஆவது பேட்ச்சின் முதல் மாணவர் ஹோரி தெய்கிச்சி. இசோரொகு யமமோட்டோ அதே பேட்ச். வெளியே வந்த சில மாதங்களில் த்சுஷிமா போரில் யமமோட்டோ இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார். பிறகு இருவரும் உலகத்தோடு சமாதானமாக இருக்க வேண்டும், கடற்படை ஒப்பந்தங்களை மதிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார்கள். 1934 டிசம்பரில் யமமோட்டோ பேச்சுவார்த்தைக்காக லண்டனில் இருந்த சமயம் பார்த்து, ஹோரியைப் பதவியிலிருந்து ஒதுக்கினார்கள். யமமோட்டோ மனம் உடைந்தார். 1941 அக்டோபரில், தன் சொந்தக் கருத்துக்கு நேர்மாறான ஒன்றை முழு உறுதியோடு செய்து முடிக்க வேண்டிய விசித்திர நிலையில் இருக்கிறேன் என்று அவர் மனம் திறந்து எழுதியது யாருக்கு? அமைச்சருக்கல்ல, பேரரசருக்கல்ல, ஓய்வில் உட்கார்ந்திருந்த ஹோரிக்கு. பதவி இல்லாதவனிடம்தான் அந்த உண்மையைச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவன் பேட்ச்காரன்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு கிழிபட வேண்டிய பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

'லக்கி பேக்'கின் 1922 தொகுதி. அந்த பேட்ச்சில் இரண்டாவதாகத் தேறியவர் லெனர்ட் கப்லான் என்ற யூத இளைஞர். தொகுதியின் ஆசிரியர் ஜெரால்ட் ஓல்ம்ஸ்டெட். முதலாவதாகத் தேறியவரும் அவரே. கப்லானின் பக்கத்தை எப்படி அச்சிட்டார்கள் தெரியுமா? பக்க எண் இல்லை. பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தாளின் ஓரத்தில் தபால்தலைக்குப் போடுவதுபோல் வரிசையாகத் துளைகள் போட்டிருந்தார்கள், வேண்டாதவர்கள் சுவடு தெரியாமல் கிழித்துப் போடுவதற்காக. ஒரு நிமிடம் அந்தத் தாளை உங்கள் விரல் நுனியில் உணர்ந்து பாருங்கள். அச்சுக்கூடத்தில் யாரோ கணக்குப் பார்த்து, செலவு செய்து, அந்தத் துளைகளைப் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடம் ஒன்றாக உண்டு, ஒன்றாக அணிவகுத்து நடந்தவர்கள் செய்த வேலை இது. தோழமை என்று நாம் கொண்டாடுவது, யாரை உள்ளே விடுவது என்று கதவருகே நின்று முடிவுசெய்யும் கூட்டமாக மாறவும் நெடுநேரம் ஆகாது.

கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கதவு இன்னும் நெடுநாள் மூடிக் கிடந்தது. 1872-இல் முதல் கறுப்பின மாணவர் உள்ளே வந்தார். அவராலும் அவருக்குப் பின் வந்த நால்வராலும் படிப்பை முடிக்க முடியவில்லை. 1945-இல் வாஷிங்டனிலிருந்து வந்தார் வெஸ்லி பிரவுன். செய்யாத தவறுக்கெல்லாம் தண்டனைப் புள்ளி எழுதி அவரை வெளியேற்றப் பார்த்தார்கள் சில மேல்வகுப்பினர். தன்னோடு தங்குபவனுக்கும் தொல்லை வரும் என்று அவர் தனி அறையிலேயே இருந்தார். மற்றவர்களுக்கு வாய்த்த பக்கத்துக் கட்டில் அவருக்கு இல்லை. ஆனாலும் தேடிவந்து அவர் அறையில் உட்கார்ந்து பேசிய வகுப்புத் தோழர்கள் சிலர் உண்டு. நெடுந்தூர ஓட்ட அணியில் கூட ஓடிய ஒரு சீனியர், விட்டுக்கொடுக்காதே என்று தைரியம் சொன்னார். அந்த சீனியர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர். 1949-இல் பிரவுன் பட்டம் பெற்றார். 2008-இல் அகாதெமியின் பெரிய விளையாட்டு அரங்குக்கு அவர் பெயரை வைத்தபோது அவர் உயிரோடு இருந்து பார்த்தார். பெண்கள் 1976-இல் நுழைந்தார்கள். 1980-இல் 55 பேர் பட்டம் பெற்றார்கள். அவர்கள் பட்டதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு கடற்படை அகாதெமி இருக்கிறது. சங்கப் பாடல்களில் நன்னனுக்குரியதாக வரும் ஏழில்மலை, இன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து ஏழிமலை. 2009 ஜனவரியில் இந்தியக் கடற்படை அகாதெமி அங்கே முறையாகத் திறக்கப்பட்டது. அதுவரை முதலில் கொச்சியிலும் பிறகு கோவாவிலும் நடந்த பயிற்சி அது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரும், ஒரு பேட்ச் மெதுநடை நடந்து வெளியே வருகிறது. அணிவகுப்பு முடிந்ததும் தாய் தகப்பன்மார் மைதானத்துக்குள் போய், பிள்ளையின் தோள்பட்டையில் பதவிப் பட்டையை மூடியிருக்கும் துணியைக் கையாலேயே உருவி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் புதுச்சேரிப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். அண்டை நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை விடுமுறைக்கு வந்தால், வாளைக் காட்டு, தொப்பியைக் காட்டு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உன் அறையில் இருந்தவன் எந்த ஊர், எப்படிப்பட்டவன், நீ காய்ச்சலில் கிடந்தபோது யார் உன் சீருடைக்கு இஸ்திரி போட்டது, யாரை நீங்கள் கூட்டத்தில் சேர்க்காமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல யாராவது தமிழில் எழுதி வையுங்கள். ஒரு பேட்ச்சிலிருந்து ஐந்து பேர் சொன்னாலே ஒரு சிறு நூலுக்குப் போதும். அதைப் பதிப்பிக்கும் வேலையில் என் பங்குக்கு நான் வருகிறேன்.